அம்மா பேசிய டேப்

திருவனந்தபுரம் ஆரியசாலையில் கடைக்கு மேலேயே எங்கள் வீடு. கீழே அப்பாவுக்கு மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம். சரக்கு இறங்குகிற நாளில் மாடியில் இருக்கிற நாங்களும் சேர்ந்து தும்முவோம். பி.காம். முடித்த கையோடு சினிமா படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா பாதித் தும்மலில் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிடிச்சதப் படிக்கட்டுமே என்று அம்மா சொன்னாள். அப்பா மீதித் தும்மலைத் தும்மிவிட்டுக் கீழே போனார். அவ்வளவுதான், அனுமதி கிடைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பள்ளி என்றால் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. ஊருக்குள்ளேயே ஒரு பழைய ஓட்டு வீடு. ஒரு வருஷப் படிப்பு. நடிப்பு, கேமரா, ஒலி, எடிட்டிங் எல்லாவற்றையும் கையால் செய்துதான் படிக்க வேண்டும். கரும்பலகை ஒன்று இருந்தது, ஆனால் இந்த வாரம் யாருக்கு என்ன வேலை என்பதைத் தவிர அதில் வேறெதுவும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் லைட் ஸ்டாண்டு தூக்கினேன். அடுத்த வாரம் கிளாப் அடித்தேன். அதற்கடுத்த வாரம் அதே கிளாப்புக்கு முன்னால் நின்று அழுது காட்டினேன். பன்னிரண்டு பேரில் தமிழ் நான் ஒருத்திதான்.

சின்ன வயசிலிருந்தே எனக்கு வகுப்பில் பாண்டி என்று பெயர், தமிழர்களை இங்கே அப்படித்தான் கேலி செய்வார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் இந்த ஊரில்தான், இருந்தும் நான் மலையாளம் பேசினால் அதில் தமிழ் இழுவை வந்துவிடும், உடனே யாராவது சிரிப்பார்கள். அதனால் குரல் பயிற்சி வகுப்பை நான் வெறியோடு பிடித்துக்கொண்டேன். பல்லுக்கிடையில் கார்க்கைக் கடித்துக்கொண்டு பேப்பர் படிப்பது, அதை கேசட்டில் பதிந்து கேட்பது, தப்பைக் கண்டுபிடித்து மறுபடி படிப்பது. மற்றவர்கள் பத்து நிமிஷம் செய்ததை நான் வீட்டுக் குளியலறையில் ஒரு மணி நேரம் செய்தேன். ஆறு மாதத்தில் என் வாயில் தமிழ்வாடையே இல்லை. புதிதாக வந்த ஒரு டீச்சர், வீடு கோட்டயம் பக்கமா என்று என்னைக் கேட்டார். அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

நடிப்பு வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. வீட்டில் கூட இருக்கிற ஒருவரை உடம்பிலும் குரலிலும் அப்படியே கொண்டு வர வேண்டும். எல்லோரும் அம்மாவையோ அப்பாவையோ கொண்டு வந்தார்கள். நான் கிழக்கேகோட்டை பஸ்ஸில் வருகிற கண்டக்டரைக் கொண்டு வந்தேன். வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. வீட்டில் யாரும் இல்லையா என்று சார் கேட்டார். செய்து காட்டுகிற மாதிரி யாரும் இல்லை என்று சொன்னேன். அம்மாவைக் கொண்டு வந்தால் அம்மாவின் பேச்சும் கூடவே வருமே.

அம்மா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் கற்ற மலையாளம் காய்கறி வாங்கவும் பக்கத்து வீட்டில் நலம் விசாரிக்கவும்தான் போதும். மீதியைத் தமிழில் நிரப்பிக்கொள்வாள். அதில் அவளுக்கு எந்தக் கூச்சமும் இல்லை. கூச்சமெல்லாம் எனக்குத்தான்.

கடைசியில் ஆளுக்கொரு பத்து நிமிஷப் படம் எடுக்க வேண்டும். என் கதையில் ஒரு அம்மா, நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற மகளை பஸ் ஸ்டாண்டில் வழியனுப்புகிறாள். அம்மா வேஷத்துக்கு ஒரு நாடக நடிகையைப் பிடித்து வைத்திருந்தேன். படப்பிடிப்பன்று காலையில், சீரியலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், வர முடியாது என்று அந்த அம்மா ஆளனுப்பிவிட்டார். கேமரா எனக்கு அந்த ஒரு நாள்தான். என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து எங்கள் அம்மா, பன்னிரண்டு பேருக்கும் எலுமிச்சம்பழச் சாதம் கிளறி எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து இறங்கினாள். சார் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த அம்மா நிற்கட்டுமே என்றார்.

எனக்கு உயிரே போயிற்று. அம்மா பயப்படவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் என்னட்டீ சொல்லணும்?"

போய்ச் சேர்ந்ததும் எழுது மகளே, இதுதான் வசனம். மலையாளத்தில் சொல்லிக் கொடுத்தேன். அம்மா இரண்டு தடவை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தாள். கேமரா ஓடியது. மகளாக நடித்த பெண்ணின் தோளில் பையின் வார் முறுக்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலேயே அம்மா அதை நேராக்கினாள். வசனத்தைச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவளாகவே ஒன்று சேர்த்துக்கொண்டாள்.

"வேளைக்குத் தின்னணும், கேட்டியா? வயித்தக் காயப் போட்டுராத."

கேமராவுக்குப் பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். பாண்டி என்று என் காதில் விழுந்தது. யாராவது சொன்னார்களா, நானே நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கும் தெரியவில்லை. ஷாட் பிரமாதம் என்றார் சார். சத்தத்தைக்கூட மாற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார். கதையில் வருகிறவள் மலையாளி அம்மா, இது ஒட்டாது என்று நான் வாதாடினேன். உன் படம், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

படப்பிடிப்பில் பதிவாகிற சத்தம் அப்போதெல்லாம் வழிகாட்டத்தான். பிறகு டப்பிங் அறையில் அதைக் காதில் கேட்டுக்கொண்டே புதிதாகப் பேசிச் சேர்ப்பார்கள். ரேடியோ நாடகத்தில் பேசுகிற ஒரு அம்மாவை வரவழைத்தேன். அரை மணி நேரத்தில் இரண்டு வசனத்தையும் சுத்தமான மலையாளத்தில், அம்மாவின் உதட்டுக்கு அச்சாகப் பொருந்துகிற மாதிரி பேசிவிட்டுப் போனார். அந்த அரை மணியில் அம்மாவின் குரல் என் காதில் முப்பது தடவையாவது ஓடியிருக்கும். நான் உதடு சேருகிறதா என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் டேப் எப்போதும் தட்டுப்பாடு. டப்பிங் முடிந்ததும் படப்பிடிப்புச் சத்தம் பதிந்த டேப்பை அழித்து அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வாரம் கரும்பலகையில் ஒலிக்கு நேரே என் பெயர் இருந்தது. அழிக்கிற யந்திரம் இஸ்திரிப் பெட்டி அளவுதான் இருக்கும், உள்ளே காந்தம். டேப்பை அதன் மேல் மெதுவாக வட்டமாகச் சுற்றி, மெதுவாகவே தூக்கி விலக்கிய பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும். பக்கத்தில் கைக்கடிகாரம் இருந்தால் கெட்டுப்போகும். நான் கல்லூரியில் சேர்ந்தபோது அம்மா வாங்கித் தந்த கடிகாரத்தைக் கழற்றி, ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று தூரத்து ஜன்னலில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பி வந்து டேப்பை இரண்டு தடவை சுற்றினேன். ஹெட்போனில் கேட்டுப் பார்த்தேன். வெறும் இரைச்சல். நன்றாக அழித்திருக்கிறாய் என்று பாராட்டு வேறு வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

படம் போட்டுக் காட்டிய அன்று அம்மா பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, எங்கள் தெருவிலிருந்து இரண்டு அக்காமாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அப்பா கடையை விட்டு நகரவில்லை. திரையில் அம்மா வந்ததும் மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வாயைத் திறந்தாள். வேறு யாரோ பேசினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அம்மாவின் பின்னங்கழுத்து மட்டும் தெரிந்தது. அது அசையவே இல்லை.

விளக்கு போட்டதும் ஒரு அக்கா, இது உங்க சத்தம் இல்லியே என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குத் தொண்டை கட்டிருந்துது, பாத்துக்கோ. பிள்ளை என்ன செய்வா? அதான் வேற ஆள வச்சுப் பேச வச்சிட்டா."

அவளுக்குத் தொண்டையும் கட்டவில்லை, ஒன்றும் கட்டவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என்னிடம், படம் நல்லாருக்கு என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, நான் பேசினது எங்கே இருக்கு என்று மெல்லக் கேட்டாள். டேப்பில் இருக்கிறது, ஸ்கூலில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றேன். யோசிக்கவே இல்லை, பொய் அவ்வளவு லேசாக வந்தது.

"ஒரு நா எடுத்துட்டு வா. என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுல்லா."

அதன் பிறகு எனக்குப் பிழைப்பே டப்பிங் என்றாகிவிட்டது. சீரியலில் வாயசைக்கிற பெண்களுக்கெல்லாம் நான்தான் பேசினேன். கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குப் போனேன். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா கேட்பாள். ஓணத்துக்கு வந்தால் கேட்பாள். சண்டையில்லை, முகத்தைத் தூக்குவதில்லை. அந்த டேப்பு என்று ஆரம்பிப்பாள், அடுத்த தடவை கண்டிப்பாகக் கொண்டு வருகிறேன் என்பேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இன்னொரு கேசட்டைப் போட்டு, ஏதாவது பேசும்மா என்று பதிந்திருக்கலாம். அப்படிப் பதியப்போனால், பழையது என்ன ஆச்சு என்று கேட்பாளே என்கிற பயம். அந்த ஒரு பயத்திலேயே ஏழு வருஷம் ஓடிப்போயிற்று.

ஒரு நாள் காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மா, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. நான் டப்பிங் அறைக்குள் இருந்தேன். வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் கழிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, அந்தப் படத்தைப் போடு என்றார் அப்பா. அதுவரை அவர் பார்த்ததே இல்லை. வி.சி.ஆரில் போட்டேன். அம்மா வந்தாள், பை வாரை நேராக்கினாள், ரேடியோ அம்மாவின் குரலில் பேசினாள். அப்பா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். முழுக்க அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். அம்மாவின் உதடு மட்டும் அசைந்தது. இப்பத்தான் அவள் மாதிரி இருக்கிறாள் என்றார்.

பிறகு என்னிடம், அம்மா பேசின டேப் உங்கள் ஸ்கூலில் இருக்கிறதாமே, அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள், போய் வாங்கிக்கொண்டு வா என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழிச்சிட்டேன் அப்பா, என் கையாலேயே அழிச்சிட்டேன் என்று சொல்லி அழுதேன். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் டிவியைப் பார்த்தபடியே இருந்தார்.

"நீதான் நடிப்பு படிச்சவளாச்சே. அவ அன்னைக்கு எப்படிச் சொன்னாளோ, அப்படியே ஒரு தடவ சொல்லிக் காட்டும்மா."

கண்டக்டரைக் கொண்டு வந்தவள் நான். ஊரில் இருக்கிற அத்தனை பெண்களின் வாய்க்கும் குரல் கொடுக்கிறவள். முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேளைக்குத் தின்னணும், கேட்டியா, வயித்தக் காயப் போட்டுராத. வார்த்தை ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் அம்மாவின் இழுவை என் நாக்கில் ஏறவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். தமிழ்ச் சீரியலுக்கு டப்பிங் பேசுகிறவள் மாதிரி அச்சுப் பிசகாமல், மினுமினுவென்று வந்தது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா, விடு. இது மொதல்ல டிவில பேசுனாளே, அந்தப் பொம்பள சத்தம்லா."

எழுந்து, படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கடைக்கு இறங்கிப் போனார்.