பெரியேரியில் ஒன்பதாவது கோல்

அன்றைக்கு ஏரிக்கரையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான், ஞானம்மாள். என் மருமகள் கிரேஸ். வேன் ஓட்டிவந்த பஷீர் பாய். படகில் நின்று கோல் போட்ட குப்பன். தூர்வாருவோர் சங்கத்தின் செயலாளர் தனபால். இவர்களுக்குப் பின்னால் சங்கத்து ஆட்கள் நாற்பது பேர், சாப்பிட்ட பிரியாணி செரிக்காமல் நின்றார்கள். என் மகன் வரவில்லை. ஷூ கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

நான் போனது கிரேஸுக்காக. அவள் மிதவை இயந்திரம் ஓட்டுகிறாள். ஏரியில் தண்ணீர் நிற்கும்போதே மிதந்துகொண்டு, அடியில் இருக்கும் சேற்றைக் குழாயால் உறிஞ்சி வெளியே தள்ளுகிற இயந்திரம். சங்கத்துக்கு வருடத்தில் மூன்று வேலை. தையில் பொதுக்குழுவும் கோல் போடுவதும். சித்திரையில் புது ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி. ஆடியில், மழைக்கு முன்னால், இயந்திரங்களைப் பிரித்துப் பார்க்கும் முகாம். சித்திரையில் பயிற்சி கொடுக்க வேண்டுமென்றால் தையில் கோலில் தேறிப் பயிற்சியாளர் அட்டை வாங்க வேண்டும். இதுவரை ஒரு பெண்ணும் வாங்கியதில்லை. கிரேஸ் பத்து வருடமாகக் காத்திருந்தாள்.

தை இரண்டாவது சனிக்கிழமை. ஆம்பூரில் காலை 6.10க்கு பஸ். வேலூர் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், 7.40க்கு இறங்கினோம். வலது பக்கம் உட்காராதீர்கள், வழி முழுக்க முகத்தில் வெயில். அங்கிருந்து பொதுக்குழு நடக்கும் மண்டபத்துக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. கூட்டம் ஒன்பதுக்கு என்று போட்டிருந்தார்கள், பத்தரைக்குத்தான் தொடங்கியது. ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள் மக்கன் பேடா கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒன்று. எனக்கு வந்தது உடைந்த பேடா. கொடுத்தவர் முகம் ஞாபகம் இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு பிரியாணி, கத்தரிக்காயோடு. ஆம்பூர்க்காரி நான், இருந்தாலும் குறை சொல்ல மாட்டேன். 1.15க்கு வேனில் ஏறினோம். குடியாத்தம் வழியாகப் பேரணாம்பட்டுப் பக்கம் நாற்பத்தெட்டு கிலோமீட்டர். பஷீர் பாய் வழியெல்லாம் கிரேஸுக்கு தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். 2.40க்குப் பெரியேரி, கிரேஸ் தூர்வாரிய ஏரி.

கோல் போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அடி குறித்த நீளமான மூங்கில். சேற்றில் புதையாமல் நிற்க, நுனியில் ஒரு இரும்புத் தட்டு. ஆபரேட்டர் தூர்வாரிய ஏரியில் ஒன்பது இடத்தில் இதை இறக்குவார்கள். எல்லா இடமும் ஒரே ஆழம் வர வேண்டும், ஒரு சாண் கூடக்குறையப் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அட்டை இல்லை. கரைக்குப் பக்கத்தில் பள்ளம் விழுந்தால் அதைவிடப் பெரிய குற்றம், கரையே சரிந்துவிடும். கோல் தண்ணீரில் இருக்கும்வரை ஆபரேட்டர் வாய் திறக்கக் கூடாது. அது வழக்கம்.

குப்பன் ஒவ்வொரு இடமாகக் கூவினான். பதினொன்று. பதினொன்று. பதினொன்றரை. எட்டு இடத்திலும் அடி, சமையல்கட்டுத் தரை போல மட்டமாக இருந்தது. ஒன்பதாவது இடம் கரையோரம், வேப்பமரத்துக்கு நேரே. கோல் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது.

பதினைந்து.

கிரேஸ் என் கையைப் பிடித்தாள். தனபால் நோட்டைத் திறந்தபடி, "பாரும்மா கிரேஸு, பள்ளம் விழுந்துடுச்சு. இன்னா செய்ய முடியும், ரூலு ரூலுதான். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன், பிறகு தனபாலைப் பார்த்தேன். அவர் நோட்டை விட்டுத் தலை தூக்கவே இல்லை.

பழைய கதை, அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பெரிய பஞ்சம், இந்த ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் குடிக்கத் தண்ணீருக்காக இந்த வேப்பமரத்துக்கு நேரே ஏரிக்குள்ளேயே ஒரு கிணறு வெட்டி, கருங்கல் சுற்று வைத்தார்கள். நாங்கள் பெண்கள் கூலிக்கு மண் சுமந்தோம். தனபால் எங்களுக்கு அளவுக்காரர், என்னைவிட இரண்டு வயது சின்னவர். டேப்பைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய் ஒருநாள் அந்தக் கிணற்றில் விழுந்தார். நீச்சல் தெரியாது. கூடைக் கயிறுகளை முடிந்து இறக்கி நான்தான் தூக்கினேன். மேலே வந்ததும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். நாற்பத்து நான்கு வருடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கும் அவராகச் சொல்வார் என்றுதான் காத்திருந்தேன்.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். இனிமேல் காத்திருக்க முடியாது.

"தனபாலு, அங்க இன்னா இருந்துச்சுன்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"இன்னாக்கா இருந்துச்சு? எனக்கு ஞாபகம் இல்லியே."

"நீ வுழுந்த கெணறுடா அது."

நான் குப்பனிடம், கோலை ஒரு முழம் ஒரு முழமாக நாலு பக்கமும் தள்ளிப் போடச் சொன்னேன். கிணறு மண் மூடிக் கிடந்திருக்கிறது, உள்ளே இருந்த இளகின சேற்றை இயந்திரம் உறிஞ்சியிருக்கிறது, அவள் பள்ளம் பறிக்கவில்லை என்றேன். குப்பன் கிழக்கே போட்டான். டங்கென்று இரும்பு கல்லில் மோதியது. மேற்கே போட்டான். டங். வடக்கும் தெற்கும் அப்படியே. வட்டமாகக் கல், பதினோரு அடியில், ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை.

பஷீர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தினி வருஷமா இத வயித்துல வெச்சினு எப்படி ஆயா பிரியாணி துன்ன?"

கரை முழுக்கச் சிரிப்பு. கிரேஸ் மட்டும் அழுதாள். அதன் பிறகு அவளும் சிரித்தாள். நாலரைக்கு அட்டையில் கையெழுத்தானது. சித்திரையில் ஆற்காட்டில் பாலாற்றங்கரையில் பத்துப் பேருக்கு அவள் பயிற்சி கொடுக்கப் போகிறாள்.

திரும்பும்போது வேன் எங்களைப் பேரணாம்பட்டில் இறக்கிவிட்டது. 5.15 பஸ், இருபத்தைந்து கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய், 6.20க்கு ஆம்பூர். பஸ்ஸில் கிரேஸ், "வுடுங்க அத்தை, அவரும் வயசானவரு, நெஜமாவே மறந்திருப்பாரு" என்றாள். நல்ல பெண். அதனால் அவளிடம் நான் வாதாடவில்லை.

இந்த ஏரிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தை மாதம் போங்கள், தண்ணீர் நிற்கும், கொக்கு நிறைய வரும். கரையில் கடை கிடையாது, தண்ணீர் கொண்டுபோங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள். ஏரிக்குள் எங்கே என்ன இருக்கிறது என்று அந்த ஊரில் மண் சுமந்த கிழவி யாராவது இருந்தால் கேளுங்கள்.

உடைந்த பேடா கொடுத்தவரை மன்னித்துவிட்டேன். பத்தரை வரை காக்க வைத்தவர்களையும் மன்னித்துவிட்டேன். கோல் முதல்முறை கல்லில் தட்டியபோது ஒருவர் மட்டும் குனிந்து, தன் இடது முழங்கையைத் தடவிக்கொண்டார். கிணற்றில் விழுந்தபோது கல் சுற்றில் அடிபட்டு, நான் என் முந்தானையைக் கிழித்துக் கட்டிய முழங்கை. மறந்தவர் அதைத் தடவ மாட்டார். தனபால்.