அந்தச் சேலை எந்த ஊர்?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வெளிநாட்டைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? பத்தாவது வரை படித்தவள். பக்கத்து வீட்டுச் சண்டை, பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடை என்று வாரா வாரம் ஏதோ எழுதுகிறேன். நீங்களும் பொறுத்துக்கொண்டு படிக்கிறீர்கள். நார்வேயைப் பற்றிச் சொல்ல விவரம் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை...

என் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மே மாதம் சங்கரன்கோவில் வெயிலில் கிடந்து வேக வேண்டாம் என்று கூப்பிட்டாள். அவள் அப்பாவுக்கு விசைத்தறியை நிறுத்திவிட்டு வர மனசில்லை. நான் மட்டும் போனேன்.

மே பதினேழு அவர்களுடைய தேசிய தினம். மகளின் மேனேஜரும் அவர் மனைவியும் எங்களைப் படகில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். எதிர்க்கரையில் அந்த அம்மாவின் சொந்த ஊர். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஊர்வலம் பார்க்க வேண்டும்.

தேசிய தினம் என்றால் நமக்கு என்ன? கொடி ஏற்றுவார்கள். ஒருத்தர் பேசுவார். மிட்டாய் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நான் கட்டியிருந்தது காட்டன் சேலை. மாம்பழ நிறம், அரக்குக் கரை. எங்கள் வீட்டுத் தறியில் ஓடியது. நெய்கிற வீட்டில் நல்ல சேலையெல்லாம் கடைக்குப் போய்விடும். சின்னப் பழுது விழுந்ததுதான் வீட்டுக்கு. அதைப் பற்றி நாங்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை.

படகுத்துறையில் வைத்து மகள் தன்னுடைய கறுப்பு ஜெர்கினை எனக்கு மாட்டி, ஜிப்பைக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிட்டாள். காற்று அடிக்கும் என்றாள். காற்றுக்காக மட்டும்தானா? புது வேலை, மேனேஜர், அவர் மனைவி... அவள் படபடப்பு எனக்குத் தெரியாதா?

படகில் ஏறினால் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. பெண்களெல்லாம் பூவேலை செய்த நீளப் பாவாடை. நெஞ்சில் வெள்ளி நகை. அதில் குட்டிக் குட்டித் தகடுகள் தொங்கி, நடந்தால் சிலுசிலு என்று சத்தம். ஆண்களுக்கு முழங்கால் வரை கால்சட்டை, வெள்ளிப் பொத்தான். ஒருவரையொருவர் பிறந்தநாள் போலக் கைகொடுத்து வாழ்த்திக்கொள்கிறார்கள்.

"ஏட்டி, இதுல பொண்ணு யாரு?" என்று காதோடு கேட்டேன்.

"சும்மா இரும்மா" என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

படகு கிளம்பியது. வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனால் மலை தெரியுமே, அதைத் தூக்கி இரண்டு பக்கமும் கடலுக்குள் இறக்கி வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உச்சியில் பனி. கரையில் வீட்டுக்கு வீடு கொடி.

மேனேஜரின் மனைவிக்கு என் வயதுதான் இருக்கும். எங்களுக்காக இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்து நானும் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டேன். அந்த உடுப்பு ஊருக்கு ஊர் வேறயாம். பூ, நிறம், நகை எல்லாம் அந்தந்த ஊருக்கு உரியது. பார்த்தவுடனே இன்ன ஊர் என்று சொல்லிவிடுவார்களாம். இவர் உடுப்பு ஒரு ஊர், வீட்டுக்காரர் உடுப்பு வேறு ஊர். அவர் ஊர்க்காரர்கள் கஞ்சர்கள் என்று இவர் சொல்ல, இவர் ஊர்க்காரர்களுக்கு வாய் ஜாஸ்தி என்று அவர் சொல்ல... எனக்கு எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நான் பிறந்தது பக்கத்தில் இருக்கிற திருவேங்கடம். "உங்க ஊர்ல ஏது தண்ணி" என்று என் வீட்டுக்காரர் சொல்லாத நாள் உண்டா?

ஜெர்கினுக்குக் கீழே தெரிந்த சேலைக் கரையை அந்த அம்மா பார்த்துவிட்டார். இது எந்த ஊர் உடுப்பு என்று மகளிடம் கேட்டார்.

இந்தியா என்றாள்.

நாடு தெரியும், ஊர் எது?

சென்னை என்றாள்.

நம் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான். கரிவலம்வந்தநல்லூர்க்காரர் வெளியூர் போனால் சங்கரன்கோவில் பக்கம் என்பார். சங்கரன்கோவில்காரர் சென்னைக்குப் போனால் திருநெல்வேலி பக்கம் என்பார். கப்பல், பிளேன் ஏறிவிட்டால் எல்லாருக்கும் சென்னைதான் சொந்த ஊர். சொன்னால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. இத்தனைக்கும் சென்னைக்கு நம் ஊரிலிருந்து ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் போக வேண்டும்!

வேறு இடமாக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அந்த அம்மா நம்பிவிட்டார். என் பக்கம் திரும்பி, சென்னையில் எல்லாப் பெண்களும் இந்தக் கரைதான் கட்டுவார்களா என்று கேட்டார்.

என்ன சொல்ல? இல்லை என்றால் மேனேஜர் முன்னால் மகள் பொய்க்காரி. ஆமாம் என்று தலையாட்டினால்... அதை நெய்த மனுஷன் அங்கே வெக்கையில் தறி முன்னால் நிற்கிறார். புது ஆட்கள் முன்னால் எனக்கு வாயே வராது. உங்களுக்குத்தான் தெரியுமே. தமிழில், மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மக்கா, இது அப்பா தறியில ஓடுன சேலை. நல்லா இல்லன்னு சொன்னாக்கூட எனக்கு ஒண்ணும் இல்ல. ஊர மட்டும் மாத்திச் சொல்லாத."

அவள் எழுந்து வந்து, என் ஜெர்கின் ஜிப்பைத் தன் கையாலேயே கீழே இறக்கினாள். முந்தியை எடுத்து வெளியே விட்டாள். காற்றில் அது கொடி மாதிரி அடித்துக்கொண்டது.

"சங்கரன்கோவில்" என்றாள். தப்பாகச் சொல்லிவிட்டேன், இதுதான் எங்கள் ஊர், நெய்தது என் அப்பா என்று இங்கிலீஷில் சொன்னாள். பக்கத்து பெஞ்சுக்கும் கேட்டிருக்கும்.

அந்த அம்மா தப்பாக எதுவும் நினைக்கவில்லை. முந்தியைத் தொட்டுப் பார்த்தார். தன் உடுப்பைத் தைத்தது தன் சித்தி என்றார். மேனேஜர் போனில் மேப்பை எடுத்து, நம் ஊரைக் கண்டுபிடிக்கும் வரை விடவில்லை. "சங்... கரன்... கூவில்" என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். அங்கே கடல் உண்டா என்று மேனேஜர் கேட்டார். குளம் உண்டு, மழை பெய்தால் தண்ணீரும் உண்டு என்று நானே இங்கிலீஷில் சொன்னேன். வெட்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கரையில் பாண்டு வாத்தியம், பிள்ளைகள் கையில் கொடி, ஐஸ்கிரீம். வரிசையாக வந்த பிள்ளைகளைப் பார்த்து எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். யாருடைய நாடாக இருந்தால் என்ன... தன் ஊர்ப் பெயரை வாய் நிறையச் சொல்கிற கூட்டத்தில் நிற்பதே ஒரு தெம்பு.

மறுநாள் மழை. மகள் ஆபீஸ் போய்விட்டாள். வீட்டுக்காரருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "ஏளா, அதுல முந்திகிட்ட ஒரு இழை விட்டுருக்குமே... அதையா காட்டுன?" என்றார். ஆமாம் என்றேன். கரண்ட் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.