கிழக்குப் பார்த்த கொட்டில்

என் மனைவிக்கு வர அனுமதி கிடைத்துவிட்டது என்று தெரிந்த அன்று, டென்மார்க்கின் ஹ்விடோவ்ரே நகரில் பேருந்துத் தரிப்பில் நின்ற முன்பின் தெரியாத ஒரு டெனிஷ்காரரைக் கட்டிப்பிடித்தேன். மனிதர் பயந்துபோய், முதலில் வந்த பேருந்திலேயே ஏறிவிட்டார். தமிழ் அகதிகள் தங்கள் குடும்பங்களை அழைக்கப் போட்ட விண்ணப்பங்களை அதிகாரிகள் கிடப்பில் போட்டு வைத்திருந்த காலம் அது. எங்களில் பலர் பெண்சாதி பிள்ளைகளைப் படத்தில் பார்த்தே காலம் தள்ளினோம். பிறகு நான் ஏன் கூத்தாட மாட்டேன்?

அப்போது கொம்யூனில், அதாவது நகரசபையில், கட்டட வரைபடம் வரைகிற வேலை எனக்கு. குளிர்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து மனம் சோர்கிறவர்களை வெளியே இழுக்க, கடற்கரையில் சிறிய மரக்கொட்டில் ஒன்று கட்டுவது திட்டம். மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே உட்கார மர வாங்குகள். திறப்பு எந்தப் பக்கம் என்று என் மேலதிகாரி அம்மா கேட்டார்.

“கிழக்கு,” என்றேன் யோசிக்காமல். வாசலை வேறெங்கே வைப்பார்கள்? “எங்கள் வழக்கம்” என்று பெருமையாகவும் சொல்லிவைத்தேன். அந்த அம்மாவுக்கு அடுத்தவர் வழக்கம் என்றால் அப்படியொரு மரியாதை. மறுபேச்சில்லை. முதலில் சனம் வருகிறதா பார்ப்போம் என்று, அத்திவாரம் போடாமலே கொட்டிலைத் தரையில் நிறுத்தி வைத்தோம்.

மனைவி தை மாதத்தில் வந்து இறங்கினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவளோ போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள்.

“உந்தக் குளிருக்க நான் வெளிய வரமாட்டன். பங்குனி வரைக்கும் பாப்பன். சரிவராட்டி அம்மாட்டயே போறன்.”

பகிடிக்குச் சொல்லவில்லை. சொன்னால் செய்கிறவள். நான் பங்குனிக்கு நாள் எண்ணத் தொடங்கினேன்.

கொட்டில் திறக்கிற அன்று, கெஞ்சிக் கூத்தாடி, சேலைக்கு மேலே என் பெரிய கோட்டைப் போட்டு அவளை அழைத்துப் போனேன். மேலதிகாரி அம்மா, தச்சர்கள், நாயோடு வந்த ஒரு முதியவர், என் பழைய அறைத்தோழர்கள் என்று எல்லோரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கடலிலிருந்து கிழக்குக் காற்று வாசலால் நேரே உள்ளே வந்தது. கோப்பிக் கோப்பைகள் பறந்தன. டெனிஷ்காரர்கள் என் வழக்கத்தை மதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

மனைவி என்னைப் பார்த்தாள்.

“ஏனப்பா கிழக்க வாசல் வைச்சனீங்கள்?”

“வாசல் கிழக்கதானே வைக்கிறது.”

“உள்ளுக்க சாமியே இருக்கப்போகுது? சனமெல்லோ! வெயில் தெற்கால நிக்குது, பாருங்கோ.”

அதை நான் டெனிஷில் சொன்னதும் மேலதிகாரி அம்மா சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. பிறகென்ன, எல்லோருமாகக் கொட்டிலைப் பிடித்துத் திருப்பத் தொடங்கினோம். தச்சர்கள் ஒன்று கத்த, நாங்கள் ஒன்று கத்த, கொட்டில் அங்கும் இங்கும் ஆடியது. மனைவி கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு ஒரு மூலையைத் தள்ளினாள். “அண்ணை, உந்தப் பக்கத்தால பிடியுங்கோ!” என்று ஒரு டெனிஷ் தச்சரை ஏவினாள். அவரும் பிடித்தார்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வாசல் தெற்கே திரும்பியதும் வாங்கில் வெயில் விழுந்தது. மெல்லிய வெயில்தான், ஆனால் காற்றில்லை. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கோப்பியை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். பங்குனியைப் பற்றிக் கேட்க எனக்குப் பயம்.

எல்லோரும் போன பிறகு, “போவமே?” என்றேன்.

“நீங்கள் போங்கோ. நான் இன்னும் கொஞ்சம் இருந்திட்டு வாறன். வழி தெரியும்.”