மூன்று பேரில் இரண்டு பேர் சொன்ன பறவை

லோகேஸ்வரி அக்காவுக்குக் கண்தான் பிழைப்பு. மலேசியாவில் பந்திங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவர். பதினோரு வருஷம் ஷா ஆலாமில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பூதக்கண்ணாடி வழியாகப் பழுது தேடியவர். தொழிற்சாலையை மூடியதும் பெட்டாலிங் ஜெயாவில் எங்களோடு ஒப்பந்த வேலைக்கு வந்தார். கணினிக்குப் படம் அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கும் வேலை என்று பெருமையாகச் சொல்வார்கள். திரையில் படம் வரும். அது என்னவென்று பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாதம் வந்தவை தென்னமெரிக்க ரீங்காரச்சிட்டுகள். இரண்டு இனம். இரண்டும் பச்சை, இரண்டுக்கும் காதோரம் ஊதாத் திட்டு. பெரியது ஸ்பார்க்ளிங், சின்னது லெஸ்ஸர். படத்தில் பெரிதாவது சின்னதாவது!

அக்காதான் என் மேசைக்கு வந்து காட்டினார். "இங்க பாரு தாமரை. வயித்துல நீலம் தெரியுதா? காதுல உள்ள ஊதா தாடை வரைக்கும் வருது. இது ஸ்பார்க்ளிங். லெஸ்ஸருக்கு வயிறு பச்சைதான்."

நிழலில் கிடந்த நீலம். ஒருமுறை பார்த்த பிறகு எனக்கு எல்லாப் படத்திலும் தெரிந்தது.

ஒவ்வொரு படமும் மூன்று பேருக்குப் போகும். யார் யாருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு பேர் சொல்வதுதான் விடை. மற்றவருக்குப் புள்ளி குறையும். புள்ளி குறைந்தால் ஒப்பந்தம் நீட்டிக்க மாட்டார்கள். முக்கால்வாசிப் பேர் எங்களோடு வேலை செய்த குரு என்ற பையனைப் போல, உற்றுப் பார்க்க மாட்டார்கள். நிழலாக இருந்தால் லெஸ்ஸர், அடுத்த படம். ஆகவே நானும் லெஸ்ஸரையே அமுக்கினேன்.

அக்காவின் புள்ளி சரிந்தது. மேற்பார்வையாளர் பாலனிடம் போய் நின்றார்.

"நீலம் இருக்கு பாலன். ஜூம் பண்ணிப் பாருங்க."

"இருக்கலாம்கா. ரெண்டு பேர் லெஸ்ஸர்னு சொல்லிட்டாங்களே. சிஸ்டம் அப்படி லா, நான் என்ன செய்ய?"

தொழிற்சாலையில் பழுதைக் கண்டுபிடித்தவருக்கு மரியாதை. இங்கேயும் அப்படித்தான் என்று நம்பியது அக்காவின் தப்பு.

"நீங்களும் லெஸ்ஸர்னே அமுக்கிட்டுப் போங்களேன்கா" என்றேன்.

"இருக்கிறத இல்லன்னு எப்படி அமுக்குறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய அரிச்சந்திரி என்று மனசுக்குள் திட்டினேன்.

அக்காவுக்கு நீட்டிப்பு கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, சரிபார்ப்பவள் என்ற பதவியும் சேர்ந்து. முதல் வாரமே வாடிக்கையாளரின் பறவை நிபுணர் திருத்திய பட்டியல் என் கைக்கு வந்தது. அக்கா சொன்னதுதான் சரி. ஒவ்வொரு படத்துக்கும் எதிரே அதைப் பார்த்த மூவரின் பெயர்கள். பாதிக்கு மேல் அக்கா, குரு, நான். நான் கண்ணால் கண்டதை அமுக்கியிருந்தால் அந்த வேலை அவரிடமே இருந்திருக்கும்.

நான் தேடிப் போனபோது கிள்ளானில் துணிக்கடையொன்றில் அக்கா புடவை மடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்கூட.

"உனக்கு நீலம் தெரியலயா?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தெரிஞ்சிச்சுக்கா" என்றேன்.

"குரு பாக்காம அமுக்குனான். நீ பாத்துட்டு அமுக்குன."

பிறகு, எனக்குப் பின்னால் நின்ற பெண்ணிடம், "வாங்க ஆன்டி, என்ன கலர் பாக்கிறீங்க?" என்றார்.