கூட்டல் தவறிய அட்டவணை

அந்தக் கட்டுரைக்கு சாஃப்ட்வேர் கொடுத்த எண் ஏழு சதவீதம். வாக்கியங்கள் ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் அது. இருபதைத் தாண்டினால்தான் கவலைப்படுவோம். ஏழு என்றால் சுத்தம்.

புதுக்கோட்டையில் மருத்துவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் காலாண்டு ஆய்விதழில், போன வருடம் ஓய்வு பெறும்வரை நான் அலுவலகப் பொறுப்பாளராக இருந்தேன். வரும் கட்டுரைகளைப் பதிவு செய்து, அவற்றை மதிப்பிடும் ரிவ்யூவர்களுக்கு அனுப்பி, கட்டுரையாளர்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. நான் மருத்துவம் படித்தவள் இல்லை, பி.காம். அதனால் எந்தக் கட்டுரை வந்தாலும் எனக்குப் புரிகிற இடமான அட்டவணையை முதலில் பார்ப்பேன். கூட்டிப் பார்ப்பது கைப்பழக்கம்.

ஏழு சதவீதம் வந்த அந்தக் கட்டுரை, முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களுக்கு அதன் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு வரும் கைப்புண் பற்றியது. எழுதியவர் வெளியூர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், எங்கள் பழைய ரிவ்யூவர்களில் ஒருவர். இரண்டாவது அட்டவணையைக் கூட்டினேன். மொத்தத்தில் ஒன்று அதிகமாகப் போட்டிருந்தது. இதே தவறை எங்கேயோ பார்த்த நினைவு.

பழைய ஃபைல்களைத் தேடியதில் ஒன்றரை வருடத்துக்கு முன்பு வந்த கட்டுரை கிடைத்தது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் டாக்டர் அமலா எழுதியது. அதே அட்டவணை, அதே எண்கள், அதே கூட்டல் பிழை. வாக்கியங்கள் மட்டும் வேறு.

அடுத்த தாளைப் புரட்டினேன். அமலாவின் கட்டுரைக்கு சாஃப்ட்வேர் கொடுத்த எண் முப்பத்தெட்டு. 'எழுத்துத் திருட்டு' என்று காரணம் காட்டி அதை நிராகரித்த கடிதத்தில் என் கையெழுத்து இருந்தது. அப்போதெல்லாம் நாங்கள் முதலில் ரிவ்யூவருக்கு அனுப்பிவிட்டு, பிறகுதான் சாஃப்ட்வேரில் போடுவோம். அந்தக் கட்டுரை யாருக்குப் போனது என்று பதிவேட்டில் பார்த்தேன். இந்தப் பேராசிரியருக்குத்தான்.

எங்கள் முதன்மை ஆசிரியர் டாக்டர் தங்கராசு, ஓய்வு பெற்ற சர்ஜன். இரண்டு கட்டுரைகளையும் அவர் மேசையில் வைத்தேன். இரண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அவரை எனக்கு முப்பது வருசமாத் தெரியும்மா. ஒரு அட்டவணைய வச்சு எப்படித் திருட்டுன்னு சொல்றது?"

"சொல்ல வேணாம் சார். ரெண்டு பேருகிட்டயும் கேப்போம்."

மூலத் தரவு, ஆய்வு நடத்த எத்திக்ஸ் கமிட்டி கொடுத்த அனுமதி, மொத்தத்தில் ஏன் ஒன்று கூடுகிறது என்ற விளக்கம், இம்மூன்றையும் கேட்டு இருவருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் எழுதினோம். அதில் யார் மீதும் குற்றம் சொல்லவில்லை. அமலாவிடம் மட்டும் நேரில் கொடுக்க நினைத்து பஸ் ஏறினேன்.

ஓபி முடிந்து அவர் வெளியே வரும்வரை காத்திருந்தேன். நான் யார் என்று சொன்னதும் முகம் இறுகியது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். உள்ளே போய் ஒரு நோட்டையும், ஆய்வில் சேர்ந்த பெண்களின் ஒப்புதல் படிவக் கட்டையும் எடுத்து வந்தார். நோட்டில் ஒரு வரி சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"இந்தம்மா பாதியில வேணாம்னுட்டாங்க. பேரை எடுத்தேன், மொத்தத்த மாத்த மறந்துட்டேங்க."

முப்பத்தெட்டு சதவீதத்துக்கான காரணமும் அங்கேயே தெரிந்தது. முன்னுரையிலும் செய்முறைப் பகுதியிலும் பாடப்புத்தகப் பத்திகளை அப்படியே எடுத்துப் போட்டு, கீழே ரெஃபரன்ஸ் எண் கொடுத்திருந்தார். எண் கொடுத்தால் போதும் என்று நினைத்தாராம். அது தவறுதான். ஆனால் எந்தப் பத்தி ஒத்துப்போகிறது என்று நான் திறந்து பார்த்திருந்தால், சொந்த நடையில் எழுதி அனுப்பச் சொல்லியிருப்பேன். நான் எண்ணை மட்டும் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டை மூடினார்.

"அந்த லெட்டரை வீட்டுக்காரர்கிட்டகூட காட்டலைங்க. திருட்டுன்னு எழுதியிருக்கிறத எப்படிக் காட்டுறது? அதோட எழுதுறதையே விட்டுட்டேன்."

பேராசிரியரிடமிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தரவும் இல்லை, விளக்கமும் இல்லை. கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்வதாக ஒரே வரி. டாக்டர் தங்கராசுக்கு அது நிம்மதியாக இருந்தது.

"அவரே எடுத்துக்கிட்டாரே, விட்டுரலாமே?"

"நம்ம விட்டா வேற பத்திரிகைக்கு அனுப்புவாரு சார். அந்தப் பொண்ணு அப்புறம் எங்க அனுப்புனாலும், அவங்கதான் காப்பியடிச்சாங்கன்னு ஆயிரும்."

மறுநாள் காலை அவர், பேராசிரியரின் கல்லூரி முதல்வருக்கு விசாரணை கேட்கும் கடிதத்தைத் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்தார். நட்பு அதோடு முடிந்தது. இருவரும் பிறகு பேசிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கல்லூரி விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது. கடைசியில், அந்த ஆய்வைத் தங்கள் கல்லூரியில் யாரும் செய்ததற்கு ஆதாரமில்லை என்று எழுதினார்கள். என்ன நடவடிக்கை என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ரிவ்யூவர் பட்டியலிலிருந்து பேராசிரியர் பெயரை எடுத்தோம். அமலா பத்திகளைத் திருத்தி, மொத்தத்தையும் சரிசெய்து அனுப்பினார். புதிய ரிவ்யூவர்கள் இருவர் பார்த்தார்கள். கட்டுரை வெளியானது.

இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல மூன்று விஷயம் உண்டு. ரிவ்யூவருக்கு அனுப்பும் முன்பே சாஃப்ட்வேரில் போடுங்கள். எண் எதுவானாலும் ரிப்போர்ட்டைத் திறந்து, எந்த வரி எங்கிருந்து வந்தது என்று படியுங்கள். அட்டவணையைத் தனியாகப் பாருங்கள், சாஃப்ட்வேர் அதைப் பார்ப்பதில்லை.

நிராகரிப்புக் கடிதத்தின் மாதிரியையும் மாற்றினோம். எந்தப் பத்தி, எந்த நூல், எப்படித் திருத்தலாம் என்று இப்போது அதில் இருக்கும். 'திருட்டு' என்ற சொல்லை நானே நீக்கினேன். சாஃப்ட்வேர் எண்ணை மட்டும்தான் கொடுத்தது. அந்தச் சொல்லை எழுதியவள் நான்.