தோளில் போட்டுக் காட்டிய சேலை

பத்தாம் வகுப்பு முடித்தபின் கொஞ்ச காலம் போடிமெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், போடியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா ஆள் சொல்லி அனுப்பினாள். கடைவீதியில் இருந்த பெரிய ஜவுளிக்கடையில் சேலை காட்டுவதற்குப் பெண்பிள்ளைகளை எடுக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை காலையில் நேரில் வரச் சொல்கிறார்களாம்.

அக்காள் கணவர் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பில் டிரைவர். மறுநாளே அந்த ஜீப்பில் ஏறிவிட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். நான் மட்டும் "வாங்க, என்ன பாக்குறீங்க?" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்கா வீட்டில் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். தாகமில்லாமலே தண்ணீர் குடித்தேன். அக்கா தன் பெட்டியிலிருந்த சேலைகளையெல்லாம் பாயில் கொண்டுவந்து கொட்டினாள். ஒரே வீச்சில் விரிக்க வேண்டும், முந்தானை கஸ்டமர் பக்கம் விழ வேண்டும். எனக்கு அது என் முகத்திலேயே விழுந்தது.

மச்சான் கஸ்டமராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இது சாயம் போகுமா?"

"போகாதுங்க."

"இன்னும் ரெண்டு காட்டு."

"இது மதிங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மதியாம்ல மதி! போதும்னு சொல்றதே தப்பு, அதையும் மலையாளத்துல சொல்றா. மலைய விட்டு எறங்கியும் உன் வாய விட்டு அது எறங்கல. எத்தன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டே எடுத்துப் போடணும்டி. தோள்ல போட்டுக் காட்டு. அப்பத்தான் எடுப்பாங்க."

போட்டுக் காட்டினேன். சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தபோது பல்வலிக்காரி மாதிரி இருந்தது. எதற்கு இந்த வேலைக்கு வருகிறாய் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில், எவ்வளவு நேரம் நிற்பாய் என்று கேட்டால் ஒரு பதில் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சோற்றைப் பிசையும்போதுகூட உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கடையில் என்னோடு இன்னும் இரண்டு பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இஸ்திரி போட்ட சேலை கட்டி, அசையாமல் இருந்தார்கள். முதலாளி கல்லாவில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பின்வாசலில் லோடு வந்து இறங்கியதால் கடையாட்கள் அங்கே போயிருந்தார்கள். என் கால் நிற்காமல் ஆடியது. எழுந்து, சேலை அடுக்கின் பக்கம் போய் நின்றேன்.

அப்போது ஒருவர் உள்ளே வந்தார். அழுக்கு வேட்டி, தோளில் துண்டு. என்னைக் கடைப்பெண் என்றே நினைத்துவிட்டார்.

"ஒரு சேல எடுத்துக் குடு தாயி. வெரசாப் போகணும். ராசிங்காபுரத்துக்கு பஸ்ஸப் புடிக்கணும்."

முதலாளியைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. மனப்பாடம் செய்ததெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தேன். "யாருக்குண்ணே?"

"தங்கச்சிக்கு."

"என்ன கலரு அவுங்களுக்குப் பிடிக்கும்?"

அவர் யோசித்தார். "அரக்கு. அரக்குன்னா உசுரு அவளுக்கு."

பச்சைக் கரை போட்ட அரக்குச் சேலை ஒன்றை உருவினேன். முந்தானை சரியாக அவர் பக்கம் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில், கேட்காமலே அதை என் தோளில் போட்டுக் காட்டினேன்.

"அவளும் உன்னாட்டந்தான் இருப்பா" என்றார்.

"அப்ப இதையே எடுத்துக்கங்கண்ணே. பாத்தா சந்தோசப்படுவாங்க."

"அவ எங்கத்தா பாக்கப் போறா? காலையில போயிட்டா. பொறந்த வீட்டுக் கோடி எடுக்கத்தான் வந்தேன்."

இறந்தவளின் உடல்மேல் போர்த்த, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுபோகும் சேலை அது. அது என் தோளில் கிடந்தது. மூட்டையோடு உள்ளே வந்த மூத்த விற்பனையாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். தோளிலிருந்து எடு, எடு என்று கண்ணாலேயே அதட்டினார். அந்த மனிதரோ சேலையைப் பார்க்கவில்லை. சேலை கிடந்த தோளையும் என் முகத்தையும் பார்த்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார்.

அவர் துண்டால் முகத்தைத் துடைக்கும் வரை அப்படியே நின்றேன். பிறகு மெதுவாக எடுத்து மடித்தேன். அங்கிருந்த முக்காலியை அவர் பக்கம் நகர்த்தி, பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

"இதையே கட்டிக் குடு தாயி" என்றார். அதன் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

முதலாளி மற்ற இருவரையும் முதலில் கூப்பிட்டார். அதற்குள் மூத்த விற்பனையாளர் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருந்தார். என் முறை வந்தபோது நான் படித்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. "கோடின்னு சொன்ன பெறகும் ஏன் ஒடனே எடுக்கல?"

"அவரு முன்னாடி வெடுக்குன்னு உருவ மனசு வரல, முதலாளி."

"பயமா இல்லையா?"

"இப்பவும் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. "போ, சொல்லி அனுப்புறோம்" என்றார்.

நடந்ததைச் சொன்னதும் அக்கா என்னை வாசல்படி தாண்ட விடவில்லை. "கேட்டுட்டுப் போட்டுக் காட்டக் கூடாதாடி?" என்று திட்டிக்கொண்டே கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அழவும் ஆரம்பித்தாள். "நாந்தானே போட்டுக் காட்டச் சொன்னேன்." மச்சான் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஜீப்பைத் துடைக்கப் போனார்.

அடுத்த நாட்களில் தெருவில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். மலைக்கே திரும்பிவிடலாமா என்று பாதித் துணியை மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துக் கொடியில் போட்டேன். ஒரு வாரம் போல ஆகியிருக்கும். அந்த மூத்த விற்பனையாளரே வந்து நின்றார். "திங்கக்கெழமை வந்துருத்தா. முதலாளி சொல்லச் சொன்னாரு." கொஞ்சம் தயங்கி, "ஆனா கோடி பட்ட தோளு. கொஞ்ச நாளைக்குச் சேலப் பக்கம் வேணாம்" என்றார்.

போர்வையும் துண்டும் அடுக்கியிருந்த மூலையில் நிறுத்தினார்கள். மதியத்துக்குள் கால் வீங்கிவிட்டது. ஆனாலும் யாராவது படியேறும் சத்தம் கேட்டதும், கூப்பிடும் முன்பே மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.