தேத்தண்ணிக் கோடு

ஜெர்மனியில் ஹம் நகரிலிருந்து கொலோனுக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த அந்தப் பெண்ணை ஒரே ஒரு நாள்தான் கண்டேன். என்னைவிட இளையவர். நெற்றியில் சின்னப் பொட்டு, கழுத்தில் பச்சைச் சால்வை, மடியில் தேநீர்க் குடுவை. நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு வேலை என்றார். வெகுநேரம் அந்தக் குடுவையைத் திறக்கவே இல்லை.

ஐம்பது வயதில் முதியோர் இல்ல வேலைக்கு நேர்முகம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன் நான். சொல்லவேண்டியதை ஜெர்மனில் முணுமுணுப்பதும், பிழை வந்தால் பழையபடி தொடங்குவதுமாக இருந்தேன்.

பென்ராத் நிலையம் தாண்டியதும் அவர் குடுவையைத் திறந்து எனக்கும் ஊற்றித் தந்தார்.

"இவ்வளவு நேரமும் ஏன் குடிக்கேல்லை, தங்கச்சி?"

"இஞ்ச ஒரு கோடு இருக்கு, அண்ணை. கண்ணுக்குத் தெரியாது. 'செய்' எண்டுறதுக்கு, கோட்டுக்கு வடக்கில பழைய ஆக்கள் 'மாக்கென்' எண்டவை. தெற்கில ஆயிரம் வருசத்துக்கு முன்னமே நாக்கு மாறி 'மாஹென்' ஆகிட்டுது. இதைத் தாண்டித்தான் நான் தேத்தண்ணி குடிக்கிறனான்."

"ஆர் மாத்தினது?"

"ஆருக்குத் தெரியும். முதல் சொன்ன ஆளுக்குத் தாய் ஏசியிருப்பா, ஒழுங்காக் கதை எண்டு. இப்ப அதுதான் பள்ளிக்கூடத்து ஜெர்மன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. மிச்ச வழியில் நான் முணுமுணுக்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. இப்போது பென்ராத் தாண்டித்தான் நானும் குடுவையைத் திறக்கிறேன். அவர் உண்மையில் கோட்டுக்காகத்தான் காத்திருந்தாரா, தேநீர் ஆறட்டும் என்று காத்திருந்தாரா என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. எப்படியோ, அங்கே குடித்தால் நாக்குச் சுடுவதில்லை.